உங்களுக்குத் தெரியுமா? பாட்டுச் சேனலில் நாற்காலியோடு வெளியேற்றம்!

1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் தொடங்கிய எம்டிவிக்கு வேலை ஒன்றே ஒன்றுதான்: நாள் முழுக்கப் பாட்டு வீடியோ. ஆனால் பாட்டில் ஒரு சங்கடம் உண்டு. பிடிக்காத பாட்டு வந்தால் பார்ப்பவர் சட்டென்று சேனலை மாற்றிவிடுவார். அரை மணி நேரம் ஆளை உட்கார வைக்க வேறு ஏதாவது வேண்டுமே!

1987இல் வந்தது ‘ரிமோட் கன்ட்ரோல்’, எம்டிவியின் முதல் கேம் ஷோ. வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறை போல செட். மூன்று போட்டியாளர்கள் சாய்வு நாற்காலிகளில் பெல்ட் மாட்டி உட்கார்ந்து, எதிரே இருக்கும் பெரிய டிவியில் சேனலைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொரு சேனலும் ஒரு வகைக் கேள்வி. இடைவேளையில் நொறுக்குத்தீனி தலையிலேயே கொட்டும். தோற்றவரை நாற்காலியோடு பின்சுவருக்குள் இழுத்துவிடுவார்கள். பார்வையாளர்கள் பாடியே வழியனுப்புவார்கள். பின்னாளில் ஹாலிவுட்டில் கொடிகட்டிய ஆடம் சாண்ட்லர் இதில் சில்லறை வேடங்களில் தலைகாட்டியவர்தான்.

1992இல் ‘தி ரியல் வேர்ல்ட்’. முதலில் யோசித்தது இளைஞர்களுக்கான மெகா சீரியல். எழுத்தாளர், நடிகர் என்று செலவு கையைக் கடிக்க, கதையே வேண்டாம் என்று முடிவானது. முன்பின் அறியாத ஏழு பேரை நியூயார்க்கில் ஒரே வீட்டில் தங்க வைத்துக் கேமராவை ஓடவிட்டார்கள். ‘பிக் பாஸு’க்கு மூலமான டச்சு ‘பிக் பிரதர்’ வந்ததே 1999இல்தான்!

2010இல் எம்டிவி தன் லோகோவிலிருந்து ‘மியூசிக் டெலிவிஷன்’ என்ற சொற்களையே எடுத்துவிட்டது.