ஓடைத் தண்ணீர் ஓங்கிய சம்மட்டி

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் மாவட்டத்தில், டார்ட்மூர் மேட்டுநிலத்தின் வடக்கு ஓரம் ஸ்டிக்கிள்பாத் என்றொரு சின்ன ஊர். டார்ட்மூரில் மழைக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்து சரிந்து வரும் டா ஆற்றுக்கு இழுப்பு அதிகம். அதை நம்பி இந்த ஊரில் கம்பளி ஆலையும் மாவு ஆலையும் வந்தன. 1814-ல் வில்லியம் ஃபிஞ்ச் என்பவர் இங்கே கொல்லுப்பட்டறை போட்டார். அரிவாள், கோடரி, மண்வெட்டி எல்லாம் செய்தார்கள். நல்ல காலத்தில் நாளுக்குச் சுமார் 400 உருப்படி.

ஒரு கிராமத்துப் பட்டறையால் அது எப்படி முடிந்தது? கொல்லனை அசரவைக்கிற வேலைகள் மூன்று: துருத்தி ஊதுவது, சம்மட்டி அடிப்பது, சாணை பிடிப்பது. மூன்றையும் தண்ணீர் தலையில் கட்டிவிட்டார்கள். ஆற்றிலிருந்து வெட்டிய கால்வாய், மரத் தொட்டிப்பாதை வழியாக மூன்று சக்கரங்களுக்கு நீர் கொடுத்தது.

சம்மட்டியின் சூட்சுமம் ரொம்ப எளிது. சக்கரத்தின் அச்சோடு சுழலும் வளையத்தில் புடைப்புகள் இருக்கும். ஒவ்வொரு புடைப்பும் சம்மட்டிக் காம்பின் பின்நுனியைக் கீழே அழுத்தும். முன்னால் தலை எழும்பும். புடைப்பு விலகியதும் தலை பட்டடைமேல் விழும். இப்படி இரண்டு சம்மட்டிகள் இருந்தன: ஒன்று இரும்போடு எஃகை ஒட்டவைக்க, மற்றொன்று தகடாக அடித்து விரிக்க. காய்ச்சிய இரும்பை எந்த இடத்தில் நீட்டுவது, எப்போது திருப்புவது என்பதெல்லாம் கொல்லன் கைக்கணக்கு. தண்ணீருக்கு அது தெரியாது.

இன்னொரு சக்கரம் விசிறியைச் சுற்றி, குழாய்வழியே உலைகளுக்கெல்லாம் காற்று அனுப்பியது. மூன்றாவது சாணைக்கல்லுக்கு. அந்த வேலையைத்தான் நினைத்தாலே முதுகு வலிக்கிறது: கல்லுக்கு மேலே போட்ட பலகையில் குப்புறப் படுத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்துக் கத்தியை அழுத்த வேண்டும்.

வாங்க வந்தவர்கள் விவசாயிகளும் பீங்கான் களிமண் தோண்டுகிறவர்களும். டெவன்காரர்களுக்கு ஆளுயரக் காம்பும் கூர்முனையும் உள்ள மண்வெட்டிதான் வேண்டும்; வேலி கழிக்கும் அரிவாளிலோ வட்டாரத்துக்கு ஒரு வளைவு.

வயலுக்கு இயந்திரம் வந்தபின் கைக்கருவிக்குக் கிராக்கி குறைந்தது. 1960-ல் கட்டடத்தில் ஒரு பகுதி இடிந்து விழ, பட்டறையை மூடினார்கள். பழுதுபார்த்து அருங்காட்சியகமாக்கிய இடத்தை 1994 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு பார்த்துக்கொள்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு இன்றும் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சம்மட்டியை ஓட்டிக் காட்டுகிறார்கள்.