ஒரே வைஸ், பல உயரம்

ஃபிட்டிங் ஷாப்பில் மூன்று மணி நேரம் ஃபைல் போட்டுவிட்டு வெளியே வரும்போது நாம் சொல்வது இரண்டே வசனம்தான். ஒன்று "தோள் போச்சுடா", இன்னொன்று "இடுப்பு போச்சுடா". யார் தோளைப் பிடிக்கிறார்கள், யார் இடுப்பைப் பிடிக்கிறார்கள் என்று கவனித்ததுண்டா? எங்கள் பேட்சில் நான் கவனித்தவரை குள்ளமானவர்களுக்குத் தோள், நெட்டையானவர்களுக்கு இடுப்பு. இதற்குச் சோம்பேறித்தனம் காரணமல்ல. நாம் படித்த மெக்கானிக்ஸ் பாடத்திலேயே விடை இருக்கிறது.

முழங்கைதான் அளவுகோல்

ஃபைலிங் செய்ய வைஸின் தாடை நம் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது ஒர்க்‌ஷாப் புத்தகங்களில் உள்ள பழைய விதி. நிமிர்ந்து நின்றால் தரையிலிருந்து முழங்கை வரை, நம் மொத்த உயரத்தில் சுமார் 63 சதவீதம் வரும். என் உயரம் 155 செ.மீ., அதனால் முழங்கை 98 செ.மீ. 180 செ.மீ. உயரமுள்ள நண்பனுக்கு 113 செ.மீ. இருவருக்கும் அரை அடி வித்தியாசம்! பெஞ்சோ எல்லோருக்கும் ஒன்றுதான். தாடை 105 செ.மீ.யில் இருந்தால் அது 167 செ.மீ. உயரமானவருக்கே கச்சிதம்.

1996இல் பிறந்த இந்திய ஆண்களின் சராசரி உயரம் சுமார் 165 செ.மீ., பெண்களுக்கு 153 செ.மீ. ஆக, மெக்கானிக்கல் எடுத்த நம் சகோதரிகளில் பலருக்கு அந்த வைஸ் 9 செ.மீ. உயரம் அதிகம்.

தோள் ஏன் வலிக்கிறது?

வைஸ் உயரமாக இருந்தால் முழங்கையைப் பக்கவாட்டில் தூக்கியபடியே ஃபைல் போட வேண்டும். ஒரு கையின் எடை உடல் எடையில் சுமார் 5 சதவீதம். 50 கிலோ ஆளுக்கு அது இரண்டரை கிலோ. அதைத் தோள் தசை இறக்காமல் பிடித்தே நிற்கிறது. இறுகியே இருக்கும் தசைக்குள் ரத்த ஓட்டம் குறைகிறது, சீக்கிரம் களைத்துவிடுகிறது. போதாததற்கு, உடம்பைச் சாய்த்து உடல் எடையால் தள்ள வேண்டிய ஃபைலை வெறும் கையால் தள்ளுகிறோம்.

இடுப்பு ஏன் வலிக்கிறது?

முதுகுத் தசை முதுகெலும்பிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி நின்றுதான் இழுக்கிறது. 10 கிலோ ஜாப்பை இடுப்பெலும்பிலிருந்து 40 செ.மீ. முன்னால் நீட்டிப் பிடித்தால் 10 × 40 = 400. அதை 5ஆல் வகுத்தால் 80. பத்து கிலோவுக்கு எண்பது கிலோ இழுப்பு! குனிந்தால் சொந்தத் தலை, மார்பு, கைகளின் எடையும் இதோடு சேரும். நெட்டை நண்பர் கையில் ஃபைல் மட்டுமே இருந்தாலும் முதுகு சுமப்பது இதைத்தான்.

ஒல்லி என்றால் பலவீனமா?

தசையின் பலம் அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. எடையோ கன அளவைப் பொறுத்தது. உடல் எல்லாப் பக்கமும் 10 சதவீதம் பெரிதானால் பலம் 1.21 மடங்கு, எடை 1.33 மடங்கு. பெரிய உடம்பு அதிகம் தூக்கும்; ஆனால் தன்னையே சுமக்கும் பாரமும் கூடுகிறது. அதனால்தான் பளு தூக்கும் போட்டியில் எடைப் பிரிவுகள் உண்டு. நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றது 77 கிலோ பிரிவில். ஒர்க்‌ஷாப்பில் மட்டும் எடைப் பிரிவு கிடையாது!

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். என் அப்பா 75 கிலோ நெல் மூட்டை தூக்கியவர். என்னைவிடச் சற்றே உயரம், அவ்வளவுதான். "பழகிடும்டா" என்பார். பழகியது வலிதான். இன்று குனிந்தால் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிமிர்கிறார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே ஆண்கள் கையால் தூக்கும் சுமைக்கு 55 கிலோ என்று வரம்பு பரிந்துரைத்தது. அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 1991இல் திருத்திய சூத்திரப்படி, எல்லாம் சாதகமாக இருந்தாலே 23 கிலோதான். சுமை உடம்பிலிருந்து 25 செ.மீ.க்குப் பதில் 50 செ.மீ. தள்ளிப் போனால் அதுவும் பாதியாகிவிடும்.

என்ன செய்யலாம்?

வைஸ் அருகே நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கி அளந்து பாருங்கள். குள்ளமானவர்கள் ஆடாத, இரண்டு காலும் அகட்டி நிற்க இடமுள்ள பலகை மேடை போட்டுக்கொள்ளலாம். நாங்கள் பேக்கிங் கேஸ் பலகையில் 7 செ.மீ. உயரத்துக்கு ஒன்று அடித்தோம். தோள் வலி குறைந்ததோடு ஜாப்பும் தட்டையாக வருது. நெட்டையானவர்கள் முதுகை வளைக்காமல் கால்களை இன்னும் அகட்டி நிற்கலாம். சார் அனுமதித்தால் வைஸுக்கு அடியில் கட்டை வைக்கலாம். லேத் சக்கை இரண்டு பேராக, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் வந்தது. இவற்றைச் சுற்றி எத்தனையோ சிறு பட்டறைகள். தண்டலத்திலிருந்து நம்மில் பலர் அங்கேதான் போகப்போகிறோம், முப்பது நாற்பது வருடம் நின்று வேலை செய்ய. நாளை சூப்பர்வைசர் ஆகும்போது, "இவனுக்குத் தெம்பு இல்லை" என்று எழுதும் முன் பெஞ்சின் உயரத்தை அளப்போம். அடுத்த ஆண்டுக்குள் ஒவ்வொரு ஷாப்பிலும் இரண்டு மேடையாவது வர நம் மாணவர் மன்றம் ஆவன செய்யட்டும். செலவு சொற்பம், காப்பாற்றுவதோ ஒரு ஆயுள் இடுப்பை!

— இரண்டாம் ஆண்டு மாணவன், மெக்கானிக்கல் பிரிவு