உரமிட்ட புல்வெளியில் மாடு எப்போது மேயலாம்?

நாகலாபுரம் வேதநாராயணர் கோயிலைக் கடந்து வயல்வெளிப் பக்கம் சென்றால், வரப்போரங்களில் கறவை மாடுகள் மேய்வதைக் காணலாம். வங்கிக் கடன் பெற்று வாங்கியவையும் அவற்றுள் உண்டு. கறவை மாட்டுக் கடன் வழங்கும்போது பால் விலையைப் பற்றியும் தவணையைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறோம். நல்ல மாட்டை ஒரே நாளில் இழக்கச் செய்யும் ஒரு கவனக்குறைவைப் பற்றிப் பேசத் தவறிவிடுகிறோம். உரமிட்ட நிலத்தில் காலம் பாராமல் மேய விடுவதே அது.

இதில் இரண்டு ஆபத்துகள் உள்ளன. முதலாவது, உரத்தை நேரடியாக உண்பது. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து இருக்கிறது. மாட்டின் பெருவயிற்றில் அது அம்மோனியாவாக மாறுகிறது. அளவு மிகுந்தால் அம்மோனியா இரத்தத்தில் கலந்து, சில மணி நேரத்துக்குள் உயிரைப் பறிக்கும். புல்லில் ஒட்டிய குருணைகளைவிட, வரப்பில் சிந்திய உரமும், காலிச் சாக்கும், உரம் கரைத்த வாளியில் மிஞ்சிய நீருமே பெரிய ஆபத்து. உப்புச்சுவை தேடும் மாடு சாக்கை நக்கத் தயங்காது.

‘வைக்கோலில் யூரியா சேர்த்துக் கொடுக்கிறோமே’ என்று சிலர் கேட்கலாம். அங்கே 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்கிறோம். அளவும் காலமும் காக்கப்படுவதால் அது தீவனம் ஆகிறது.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பயிர் உறிஞ்சிய தழைச்சத்து, வளர்ச்சியில் செலவாகும் வரை நைட்ரேட்டாகத் தண்டின் அடிப்பகுதியில் தங்கியிருக்கும். பெருவயிற்றில் அது நைட்ரைட்டாக மாறும்போது, உயிர்வளியைச் சுமக்கும் திறனை இரத்தம் இழக்கிறது. அதன் நிறமும் பழுப்பாகிறது. வறட்சியில் வாடிய சோளமும் கம்பும் இவ்வகையில் மிகவும் அஞ்சத்தக்கவை. உலர்த்தினாலும் நைட்ரேட் குறையாது.

எனவே நாள்களை மட்டும் எண்ணாமல் மூன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். ஒன்று, நல்ல மழையோ முழு நீர்ப்பாசனமோ கிடைத்து, குருணைகள் கரைந்து மண்ணில் இறங்கியிருக்க வேண்டும். இரண்டு, புல் புதிதாகத் தழைத்திருக்க வேண்டும். இதற்குப் பொதுவாக மூன்று வாரமாகும். மூன்று, நீண்ட வறட்சிக்குப் பின் மழை பெய்தால், மேலும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். அப்போதும் பசித்த மாட்டை நேராக அங்கே விடாமல், முதலில் வைக்கோல் கொடுத்து, பின்னர் சிறிது நேரம் மட்டும் மேய விடுவது நலம். நிலத்தை இரு பகுதிகளாகப் பிரித்து மாறிமாறி உரமிட்டால், காத்திருக்கும் நாள்களில் தீவனத் தட்டுப்பாடும் வராது.

குதிரை அசைபோடும் விலங்கன்று. ஆதலால் யூரியாவை மாட்டைவிடச் சற்றுத் தாங்கும். ஆயினும் அது புல்லை மண்ணோடு ஒட்டக் கறிப்பதால் குருணைகளையும் சேர்த்து விழுங்க நேரும். விழுங்கியதை வாந்தி எடுக்கவும் அதனால் இயலாது. குதிரைக்கும் இதே காத்திருப்பு வேண்டும்.

மேய்ந்து வந்த மாடு நுரை தள்ளினாலோ, வயிறு உப்பினாலோ, நடுங்கித் தள்ளாடினாலோ, மூச்சு வாங்கினாலோ, காலம் தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். கட்டணமில்லா எண் 1962. எந்த நிலத்தில் மேய்ந்தது, எப்போது என்ன உரமிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இரு நஞ்சுகளுக்கும் சிகிச்சை வேறு. தாமாக எதையும் வாயில் ஊற்ற வேண்டா. அது மூச்சுக்குழலில் இறங்கக்கூடும்.

காப்பீடு செய்த மாடு இறக்க நேர்ந்தால், புதைக்கும் முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கும் வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள். காதுவில்லையைத் தொலைக்காமல் வைத்திருங்கள். மருத்துவரின் சான்றையும் பெறுங்கள். இவை இல்லாமல் இழப்பீடு பெறுவது கடினம்.

இழப்பீடு கடனை அடைக்க உதவலாம். நாள்தோறும் பால் கறந்த மாட்டைத் திருப்பித் தராது. உரமிட்ட தேதியைத் தொழுவச் சுவரில் கரித்துண்டால் எழுதி வையுங்கள். வீட்டில் யார் மாட்டை அவிழ்த்தாலும் அது கண்ணில் படும்.