கண்ணாடி வீட்டில் ஒரு நாட்குறிப்பு

உங்கள் வீட்டுச் சுவர்கள் எல்லாம் கண்ணாடி என்று சற்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உண்பதும் உறங்குவதும் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். தெருவில் போகும் ஒற்றனுக்கும் தெரியும். திரைச்சீலை இல்லாமல் இல்லை. ஆனால் அதை இறக்க சர்க்கார் கொடுத்த இளஞ்சிவப்புச் சீட்டு வேண்டும்! அதுவும் குறித்த நேரத்துக்குத்தான்.

இப்படியொரு ராஜ்யத்தைக் கற்பனை செய்தவர் யெவ்கேனி ஸாமியாத்தின் என்ற ருஷ்ய எழுத்தாளர். 1920-21ல் எழுதிய நாவலின் பெயர் 'நாம்'. அவர் கப்பல் கட்டும் எஞ்சினீயர். முதல் உலக யுத்த காலத்தில் இங்கிலாந்துக்குச் சென்று, ருஷ்யாவுக்காகப் பனிக்கட்டியை உடைக்கும் கப்பல்கள் கட்டப்படுவதை மேற்பார்வையிட்டவர். கணக்கு கைவந்தவர் என்பதாலோ என்னவோ, அவர் படைத்த ராஜ்யத்தில் மனிதர்களுக்குப் பெயரே கிடையாது, எண்கள்தாம்.

கதாநாயகன் டி-503 விண்கப்பல் கட்டும் கணித நிபுணன்; ராஜ்யத்தின் பரம பக்தன். அந்தப் பக்தியோடுதான் நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறான். நடுவே வருகிறாள் ஐ-330 என்ற பெண். நம்முடையதே கடைசிப் புரட்சி, இனிப் புரட்சி ஏது என்கிறான் அவன். அப்படியானால் எண்களில் கடைசி எண் எது, சொல் என்று மடக்குகிறாள் அவள். கணித நிபுணன் திகைத்துப் போகிறான். இந்த ஓர் இடத்துக்காகவே நாவலைப் படிக்கலாம் என்பேன்.

விண்கப்பலைக் கைப்பற்ற அவள் கூட்டத்தார் செய்த சதி பலிக்கவில்லை. டி-503ன் மூளையிலிருந்து கற்பனைச் சக்தியையே சிகிச்சை செய்து அகற்றிவிடுகிறார்கள். பிறகு, அவளைச் சித்திரவதை செய்வதை அவன் சலனமின்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவளோ வாய் திறக்கவில்லை. ஆனால் ஒன்று: சட்டத்தை மீறி அவன் குழந்தையைச் சுமக்கும் மற்றொரு பெண்ணை அதற்கு முன்பே மதிலுக்கு அப்பால் தப்புவித்துவிட்டாள்!

ஆசிரியரின் கதையும் லேசானதல்ல. ஜார் ஆட்சியில் சிறை சென்றவரை 1922ல் புரட்சி சர்க்காரும் அதே சிறையில் அடைத்தது. நாவல் 1924ல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் வந்தது, தாய்நாட்டிலோ தடை. 1929ல் பத்திரிகைகள் அவரை வசைபாடின. 1931ல் ஸ்டாலினுக்கே நேராகக் கடிதம் எழுதினார்: எழுத்தாளனை எழுதவிடாமல் செய்வது மரண தண்டனைக்குச் சமம், வெளிநாடு போக அனுமதியுங்கள் என்று. கார்க்கி சிபாரிசு செய்தார். அனுமதி கிடைத்தது! 1937ல் பாரிஸில் காலமானார்.

ஜார்ஜ் ஆர்வெல் 1946ல் இந்நாவலுக்கு மதிப்புரை எழுதினார். 1949ல் அவருடைய '1984' வெளிவந்தது. 'நாம்' ருஷ்ய மண்ணில் அச்சேறியது 1988ல்தான்.