திறந்த மூலநிரலும் கட்டற்ற தொகுப்பானும்

ஒரு பொருளைப் பயன்படுத்துவது வேறு. அஃது ஆக்கப்படும் முறையை அறிந்து, வேண்டியபோது தானே ஆக்கிக்கொள்ளும் உரிமை உடையனாதல் வேறு. கணினிச் செய்நிரல்களைப் பொறுத்தவரையில் இவ்வேறுபாடு பெரிதும் கருதத்தக்கது. உலகின் இணையத்தளங்களைத் தாங்கி நிற்கும் வலைச் சேவையகங்களுட் புகழ்பெற்ற சில, எவரும் படித்தற்குரிய மூலநிரலிலிருந்து, எவரும் விலையின்றிப் பெறத்தக்க தொகுப்பான்களாற் கட்டப்படுவன. அவை எழுந்த வரலாற்றையும், கட்டப்படும் முறையையும், அம்முறையின் உள்ளே மறைந்து கிடக்கும் ஐயம் ஒன்றையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வலைச் சேவையகம் என்பது யாது? வாசகன் ஒருவன் தன் கணினியிலிருந்து ஒரு பக்கத்தை வேண்டும்போது, அவ்வேண்டுகோளை ஏற்று, உரிய பக்கத்தை எடுத்தனுப்பும் செய்நிரலே வலைச் சேவையகமாம். ஜெனீவா நகரை அடுத்துள்ள சேர்ண் ஆய்வுகூடத்தில் ரிம் பேணேஸ் லீ என்பார் 1989இல் உலகளாவிய வலை பற்றிய திட்டத்தை முன்வைத்தார். 1990இன் இறுதியில் முதலாவது சேவையகத்தை இயக்கிக் காட்டினார். 1993 ஏப்ரில் 30ஆந் தேதி சேர்ண் அச்செய்நிரலைப் பொதுவுடைமையாக்கியது. வலையின் விரைந்த வளர்ச்சிக்கு இச்செயலும் ஒரு காரணமாயிற்று.

அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உயர்கணிப்பு நிலையத்தில் றொப் மக்கூல் என்பார் இயற்றிய சேவையகம் அக்காலத்திற் பெருவழக்குப் பெற்றிருந்தது. 1994இல் அவர் அந்நிலையத்தை விட்டு நீங்கவே, அச்செய்நிரலின் வளர்ச்சி தடைப்பட்டது. எனினும், அதனைப் பயன்படுத்தியோர் கைகட்டி இருந்திலர். மூலநிரல் அவர்தம் கையில் இருந்தமையால், பிழைகளைத் தாமே திருத்தி, அத்திருத்தங்களை ஒருவர்க்கொருவர் பரிமாறிக்கொண்டனர். 1995 பெப்ரவரியில் அவருள் எண்மர் ஒன்றுகூடி ஒரு குழுவாயினர். அக்குழுவின் படைப்பே அப்பாச்சி என்னும் சேவையகமாகும். அதே ஆண்டு ஏப்ரிலில் முதல் வெளியீடும், திசம்பரில் 1.0 பதிப்பும் வந்தன. மறு ஆண்டிலே அது தன் மூதாதையை விஞ்சி, உலகில் மிகுதியாக வழங்கும் சேவையகம் ஆயிற்று. 1999இல் அதனைப் பேணுதற்கென அப்பாச்சி மென்பொருள் மன்றம் நிறுவப்பட்டது.

ஆயின், மூலநிரல் மட்டும் போதுமோ? போதாது. மூலநிரல் மனிதர் படித்தற்குரிய மொழியில் அமைந்தது; பொறியோ இயந்திர மொழியினை மட்டுமே அறியும். முன்னதைப் பின்னதாக்கும் கருவியே தொகுப்பான். 1990களின் தொடக்கத்தில், யூனிக்ஸ் கணினிகளை விற்ற நிறுவனங்களுட் சில தொகுப்பானைத் தனியே விலைகூறி விற்கத் தொடங்கின. தொகுப்பான் இல்லார்க்கு மூலநிரலை ஈதல், நெல்லை வாரி வழங்கிவிட்டு உரலையும் உலக்கையையும் பூட்டி வைத்ததனோடு ஒக்கும்.

இக்குறையை முன்னரே உணர்ந்தவர் ரிச்சட் ஸ்ரோல்மன். 1983இல் அவர் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1987இல் அதன் சி மொழித் தொகுப்பான் வெளிவந்தது. பின்னர் அது பல மொழிகளையும் பலவகைக் கணினிகளையும் தழுவி வளர்ந்தது. மற்றொரு கட்டற்ற தொகுப்பானாகிய கிளாங் 2007இல் வெளியிடப்பட்டது. அதற்கு அடித்தளமான எல்எல்விஎம் என்னும் ஆய்வு 2000ஆம் ஆண்டில் அதே இலினோய் பல்கலைக்கழகத்திலே தொடங்கியதென்பது கருதத்தக்கது.

இனி, அப்பாச்சிச் சேவையகம் கட்டப்படும் முறையை நோக்குவாம். முதலில் மூலநிரற் பொதியைப் பெற்று, அதனுடன் வரும் இலக்கமுறைக் கையொப்பத்தைச் சரிபார்த்தல் வேண்டும். அடுத்து, அமைவாக்கக் கட்டளை இயக்கப்படும். அது சிறு சிறு சோதனை நிரல்களைத் தொகுத்துப் பார்த்து, இக்கணினியில் யாதுளது, யாதிலது எனக் கண்டறிந்து, அதற்கேற்பக் கட்டுமான விதிகளை எழுதும். வேண்டும் கூறுகளைச் சேர்த்தலும் வேண்டாதன நீக்கலும் இந்நிலையிலேயே. மூன்றாவதாக, மேக் என்னும் கட்டளை அவ்விதிகளின்படி தொகுப்பானை ஏவும். ஒவ்வொரு கோப்பும் முன்செயலாக்கப்பட்டு, பொறிக்குரிய குறியாக மாறி, ஈற்றில் இணைப்பியால் ஒன்றுசேர்க்கப்படும். ஒரு கோப்பு மட்டும் திருத்தப்படின், அதனையும் அதனைச் சார்ந்தவற்றையுமே மேக் மீளத் தொகுக்கும், ஏனையவற்றைத் தொடாது. இறுதியில் நிறுவற் கட்டளை அனைத்தையும் உரிய இடத்திற் சேர்க்கும்.

இவ்வளவும் தன் கண்முன்னே நிகழ்ந்ததனால், கட்டியவன் ஐயமற இருக்கலாமோ? 1984இல் வெளியான தம் ரியூறிங் விருதுப் பேருரையில், யூனிக்சை ஆக்கியவருள் ஒருவராகிய கென் தொம்சன் இவ்வினாவினை எழுப்பினார். தொகுப்பானே வஞ்சகமுடையதாயின், தூய மூலநிரலிலிருந்தும் நஞ்சு கலந்த செய்நிரல் பிறக்கும். அத்தொகுப்பானின் மூலநிரலைத் துருவி ஆராயினும் வஞ்சகம் புலப்படாது. ஏனெனில், தொகுப்பான் தன்னைத்தானே தொகுக்குந்தோறும் அதனை மறைவிற் புகுத்திவிடும்.

இதற்கு மாற்று, தொகுப்பான்கள் பலவாதலே. ஐயத்திற்குரிய தொகுப்பானின் மூலநிரலை, தொடர்பில்லாத வேறொரு தொகுப்பானால் முதலிற் கட்டுதல் வேண்டும். அங்ஙனம் கட்டியதைக் கொண்டு அதே மூலநிரலை மீண்டுந் தொகுத்தல் வேண்டும். வந்த பயன், முன்னர்த் தன்னைத்தானே தொகுத்துக்கொண்ட தொகுப்பானோடு ஓர் இலக்கமும் பிசகாது ஒத்திருப்பின், ஐயம் பெரிதும் நீங்கும். டேவிட் வீலர் 2009இல் தம் ஆய்வேட்டில் இம்முறையை நிறுவிக் காட்டினார். இரு கட்டற்ற தொகுப்பான்கள் இருத்தல் வீண் போட்டியன்று என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வச்சம் வெறுங் கற்பனையுமன்று. 2024 மார்ச்சில், பரவலாக வழங்கும் சுருக்கநிரல் நூலகமொன்றில் நஞ்சு கலக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. பொதுக் களஞ்சியத்திற் காணப்படாத கட்டுமானக் கட்டளையொன்று வெளியீட்டுப் பொதியில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. சேய்மைக் கணினியொன்றில் நுழைதற்கு ஏறத்தாழ அரை வினாடி மிகையாவதைக் கண்டு, அதன் காரணத்தை விடாது தேடிய பொறியியலாளர் ஒருவரே அதனைக் கண்டுபிடித்தார். மூலநிரலும் கருவிகளும் மூடப்பட்டிருந்தால் அவர் தேட்டம் பாதியிலே நின்றிருக்கும்.

இவ்வியக்கத்தில் இலங்கையர்க்கும் பங்குண்டு. 2004 திசம்பரில் ஆழிப்பேரலை தாக்கிய பின்னர், காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவு செய்தற்கென இந்நாட்டுத் தன்னார்வலர் சகானா என்னும் திறந்த மூலநிரல் முறைமையை ஆக்கினர். கருவிகள் கட்டற்றுக் கிடந்தமையால், அனுமதிக்கும் விலைக்கும் அவர்கள் காத்திருக்க நேரவில்லை. திறந்த மூலநிரல் தருவது அறியும் உரிமை. கட்டற்ற தொகுப்பான் தருவது ஆக்கும் உரிமை. எனினும், படித்து ஆராயும் ஊக்கம் இல்லாதவழி இவ்விரண்டும் பெட்டியிற் பூட்டிய ஏடுகளே ஆகும்.