ஈரம் விரட்டிய துறவி

நவம்பர் 26ஆம் திகதி புனித சில்வெஸ்தரின் திருநாள். மலைநாட்டில் அது மழைக்காலம். லயத்துக்குப் பின்னாலுள்ள மண்மேடு எப்போது இறங்குமோ என்று இரவில் விழித்திருக்கும் காலம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதும் இந்தப் பருவத்திலேதான். அதனால்தானோ என்னவோ, இப்புனிதரின் வரலாற்றை வாசித்தபோது பலரும் தாண்டிப்போகும் ஒரு சிறு செய்தியில் எமது கண் நின்றுவிட்டது. அவரையும் ஒருமுறை ஈரம் இருப்பிடத்தைவிட்டு விரட்டியிருக்கிறது.

சில்வெஸ்தர் 1177இல் இத்தாலியின் ஒசிமோ என்னும் ஊரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். மகன் சட்டம் படிக்கட்டும் என்று தகப்பனார் பொலோஞ்ஞா நகருக்கு அனுப்பினார். மகனோ சட்டத்தை விட்டுவிட்டு இறையியல் படித்தார். தகப்பனார் பத்து வருடம் அவரோடு பேசவில்லையாம். பின்னர் ஒசிமோ பேராலயத்தில் குருவாகப் பணிசெய்த சில்வெஸ்தர், தமது ஆயரின் ஒழுங்கற்ற வாழ்வைக் கண்டித்து அவருடைய கோபத்தையும் சம்பாதித்துக்கொண்டார். தனிமையை நாடுகிறவர் வாய் பேசாதவர் என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஒருகாலத்தில் அழகுக்குப் பேர்போன ஒருவரின் சிதைந்த உடலை அவர் காண நேர்ந்ததாகவும், அந்தக் காட்சி அவரை விடவேயில்லை என்றும் சொல்வார்கள். 1227இல், ஐம்பது வயதில், பதவியைத் துறந்து ஆளரவமற்ற இடத்துக்குப் போனார்.

எமது வாசகர்களுக்குப் பழகிய கதை இங்கேதான் ஆரம்பமாகிறது. அவர் போய்த் தங்கியது வேறொருவருடைய காணியில். காணிக்காரரான கொன்ராட் என்ற பிரபு அவரை இன்னாரென்று கண்டுகொண்டார். எழுப்பிவிடாமல், அதைவிட நல்ல இடமொன்றைக் கொடுத்தார். அங்கே ஈரம் தாங்க முடியவில்லை. மறுபடியும் புறப்பட்டு, குரொத்தா புச்சிலே என்னும் குகைக்குப் போனார். பச்சைக் கீரையும் தண்ணீருமே ஆகாரம். தனிமையைத் தேடிப்போன மனிதரைச் சுற்றி ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். 1231இல் பப்ரியானோ ஊருக்கு அருகே மொந்தே பானோ மலையில் மடம் எழுந்தது. செபமும் கைவேலையும் சேர்ந்த புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கே அங்கும் ஒழுங்கு. 1247இல் பாப்பரசர் நான்காம் இன்னொசென்ற் சபையை அங்கீகரித்தார். 1267இல் தொண்ணூறு வயதில் சில்வெஸ்தர் இறந்தபோது பத்துக்கும் மேற்பட்ட மடங்கள் இருந்தன.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் விரும்பிப் போனார். உங்களில் பலர் துரத்தப்பட்டவர்கள். 1977இலும் 1983இலும் வன்செயலுக்குத் தப்பி வன்னிக்குப் போய், காடு வெட்டிப் பயிர்செய்து, அங்கிருந்தும் யுத்தத்தால் எழுப்பப்பட்ட மலையகக் குடும்பங்கள் எத்தனையோ! பிள்ளையின் பாடசாலையைப் பற்றியும் காணி உறுதியைப் பற்றியும் கவலைப்பட வேண்டிய நிலை சில்வெஸ்தருக்கு இருக்கவில்லை. தனிமை அவருக்குத் தவம். அறிமுகமில்லாத ஊரில் அடுப்புக்கு மூன்று கல் தேடும் தாய்க்கு அது வெறும் பாரம். ‘புனிதர்களைப் போல் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று அந்தத் தாய்க்குச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. ஆனால் காணி சொந்தமில்லாத நாட்களிலேயே அவரைச் சுற்றி ஒரு கூட்டுவாழ்வு தொடங்கிவிட்டது என்பதை நாம் கவனிக்கலாம். உறுதி கைக்கு வரும்வரை ஒரு சங்கத்தையோ செபக்குழுவையோ தள்ளிப்போடும் இடங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

அவருடைய சபைத் துறவியான யோசப் பிராவி 1845இல் இலங்கை வந்தார். 1883இல் கண்டிப் பகுதி தனியாகப் பிரிக்கப்பட்டுச் சில்வெஸ்தர் சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அட்டனும் நுவரெலியாவும் இன்றும் கண்டி மறைமாவட்டத்திலேயே உள்ளன. காட்டுக் குகையில் தொடங்கிய சபை இப்படித்தான் தோட்டத்து மக்களிடம் வந்து சேர்ந்தது.

அப்புத்தளையில் சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிசம் மாளிகை இப்போது இச்சபையின் மடம். துரைமார் இருந்த கல் வீட்டில் துறவிகள் செபிக்கிறார்கள். பழங்களைக் காய்ச்சி ஜாம் செய்து விற்கிறார்கள். வார இறுதியிலும் போயா தினங்களிலும் பார்க்க வருகிறவர்கள் போத்தல்களோடு திரும்புகிறார்கள். அங்குள்ள சிற்றாலயத்தில்தான் சில்வெஸ்தரின் எலும்புத் துண்டொன்று வைக்கப்பட்டிருக்கிறது.