மருந்தாய்வில் இல்லத்துணையின் பங்கு

ஒரு மருந்து நோயைத் தீர்க்குமா, தீங்கு செய்யுமா என்பதை மனிதரிடம் முறையாகச் சோதித்து அறிவதே மருந்தாய்வு. அதை நடத்துவோர் மருத்துவர். அதில் சேர்வோர் நோயாளிகள். ஆனால் நோயாளி நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது வீட்டில் அல்லவா? அங்கே துணை நிற்கும் கணவனுக்கோ மனைவிக்கோ இவ்வாய்வில் என்ன பங்கு என்பதைக் காண்போம்.

சென்னை கண்ட உண்மை

காசநோய் வந்தால் சானடோரியத்தில் சேர வேண்டும் என்பது ஒரு காலத்து நியதி. ஏழைகள் எல்லோருக்கும் அங்கே இடம் ஏது? 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம் இதற்கு விடை தேடியது. 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்குச் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் கிடைத்தன. மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தனர். இரு பிரிவினர்க்கும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்னும் அதே மருந்துகள், ஓராண்டுக்கு.

முடிவுகள் 1959இல் வெளிவந்தன. நோய் அடங்கியோர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. வேறுபாடு சிறிதே. வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை என்று தொடர்ந்து கவனித்து அறிந்தனர்.

வீட்டில் மருந்து உண்டார்களா என்று எப்படி அறிந்தனர்? சொல்லாமல் வீட்டுக்குச் சென்று சிறுநீரைச் சோதித்தனர். பி.ஏ.எஸ். உண்டவரின் சிறுநீர் பெரிக் குளோரைடுடன் செந்நீல நிறம் காட்டும். நம் ஆய்வுக்கூடத்தில் பீனாலுக்கு நாம் செய்யும் சோதனைதான் அது!

குலுக்கல் எதற்கு?

அக்கம்பக்கத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவன் என்பதால் ஆஸ்பத்திரித் தாள்கள் என்னிடம் வரும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒருவரின் மனைவி, ஒப்புதல் படிவத்தை நீட்டி, "இதுல கையெழுத்துப் போட்டா அவரை எலி மாதிரி வச்சிப் பாப்பாங்களா தம்பி?" என்றார்.

நியாயமான கேள்வி. அதற்கு விடை நம் மண்ணிலேயே உண்டு. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், நம் திருவள்ளூர்ப் பகுதியில், 1968இல் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கு கொண்டனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதே முடிவு. உலகமே நம்பிய ஊசி! ஒப்பிட்டுப் பாராமல் இதை அறிந்திருக்க முடியுமா? புதிய மருந்துதான் சிறந்தது என்று முன்பே தெரிந்தால் ஆய்வே வேண்டியதில்லை. ஆகவே, நம்மவர்க்குப் புது மருந்தே கிடைக்கும் என்றோ, கிடைத்தால் குணமாகும் என்றோ எண்ணிவிடக் கூடாது.

துணைவர் செய்ய வேண்டுவன

1. கையெழுத்துக்கு முன் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, புரியும்வரை வினவுக. பயணச் செலவு தருவார்களா, எத்தனை ஷிப்ட் கூலி போகும் என்பதையும் கேட்கலாம்.

2. மருந்துண்ட வேளையை ஒரு நோட்டில் குறித்திடுக. தவறிய வேளையை மறைக்க வேண்டாம். மறைத்தால் ஆய்வின் முடிவே பிழையாகும்.

3. வாந்தி, கண் மஞ்சளாதல், தோல் தடிப்பு போன்றவற்றை உடனே தெரிவிக்கவும். ரிபாம்பிசின் உண்பவரின் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது இயல்பு, அஞ்ச வேண்டாம்.

4. வேறு மருந்தோ நாட்டு மருந்தோ டாக்டரைக் கேளாமல் தரலாகாது.

5. உரிமைகளை அறிந்திடுக. எப்போது வேண்டுமானாலும் ஆய்விலிருந்து விலகலாம். வழக்கமான சிகிச்சையை அதற்காக மறுக்க முடியாது. ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் 2019ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன.

முடிவாக ஒன்று. சேர்வதா வேண்டாமா என்று தீர்மானிப்பவர் நோயாளியே. அவரை வற்புறுத்திச் சேர்ப்பதும், பயமுறுத்தித் தடுப்பதும் துணையாகாது. பக்கத்தில் இருந்து, கேட்கத் தயங்கும் கேள்வியை அவருக்காகக் கேட்பதே துணை. படிக்கும் நாமும், படிவத்தோடு நம் வாசலுக்கு வருவோர்க்கு அதை வாசித்து விளக்கும் துணையாக இருப்போம்.